எந்த நாட்டிலும் செல்லாத பவுண்

பொக்கிசக்காரர் என்றோர் இனம் நம்மிடையே இருக்கிறது. விலங்கியல் புத்தகத்தில் தேட வேண்டாம். உங்கள் ஒழுங்கையில் எட்டிப் பாருங்கள், போதும். இந்த இனத்தைச் சேர்ந்தவர் பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். சாரம் கட்டுவார், சைக்கிள் ஓடுவார், உரம் விற்கிற விலையைப் பற்றிப் புறுபுறுப்பார், மழை வந்தால் வந்ததற்கும் வராவிட்டால் வராததற்கும் அரசாங்கத்தைத் திட்டுவார். ஆனால் அவருடைய வீட்டில், அலுமாரியின் மேல்தட்டிலோ அரிசிப் பானையின் அடியிலோ, ஒரு சாமான் இருக்கும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத சாமான். அதை அவர் விற்க மாட்டார். பாவிக்க மாட்டார். ஒருவருக்கும் கொடுக்கவும் மாட்டார். பின்னே என்னதான் செய்வார் என்கிறீர்களா? வைத்திருப்பார். வைத்திருப்பதுதான் அவருடைய தொழில். வயலில் கமம் செய்வதெல்லாம் பொழுதுபோக்கு.

இனத்துக்குள் வகைகள் பல. முல்லைத்தீவில் ஒருவரிடம் வலம்புரிச் சங்கு இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் அது இடம்புரி என்று சொல்ல, அவர் அதைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துக் காட்டுகிறார். வவுனியாவில் ஒருவரிடம் ஒற்றைக்கண் தேங்காய். மாங்குளத்தில் ஒருவர் பெட்டிக்குள் ஒரு வயலின் வைத்திருக்கிறார். அதற்குள் யாரோ இத்தாலிக்காரனின் பெயர் எழுதியிருப்பதால், அதை இதுவரை ஒருவரையும் வாசிக்க விட்டதில்லை. வாசித்தால் விலை குறைந்துவிடுமாம். வயலினை வாசிக்காமல் வேறு என்ன செய்வது என்று கேட்டு அவருடைய மருமகன் அந்த வீட்டில் சாப்பாட்டை இழந்தான்.

எங்கள் பகுதியின் பொக்கிசக்காரர் யோகலிங்கம். இரணைமடு வாய்க்கால் கரையில் என் வளவுக்கு அடுத்த வளவு. யாழ்ப்பாணப் பக்கமிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த குடும்பம். அவருக்கு வயல் உண்டு, இரண்டு மாடு உண்டு, விமலேஸ்வரி என்று வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கத் தெரிந்த மனைவி உண்டு, கோகுலன் என்று ஒரே மகன் உண்டு. இவற்றில் எதைப் பற்றியும் அவர் பெருமையடித்து நான் கேட்டதில்லை. அவருடைய பெருமை முழுவதும் பழைய பிலிம் சுருள் டப்பா ஒன்றுக்குள், சிவப்புப் பட்டுத் துண்டில் சுற்றிக் கிடந்தது. அந்தத் துண்டு விமலேஸ்வரியின் கூறைச் சேலையில் வெட்டியது. வெட்டுமுன் அவர் கேட்கவில்லை. விமலேஸ்வரி இன்னும் மறக்கவில்லை.

பட்டுத் துண்டுக்குள் ஒரு நாணயம். நம் ஐந்து ரூபாய்க் குற்றியை விடக் கொஞ்சம் சிறியது, மஞ்சளாய் மினுங்குவது. ஒரு பக்கம் கொண்டை போட்ட ஒரு வெள்ளைக்காரியின் முகம். மறுபக்கத்தில்தான் விசேஷம்: ஐந்து டொலர் என்றும் இருபத்தைந்து பிராங்க் என்றும் இரண்டையும் ஒரே காசில் எழுதியிருந்தது. ஒரு காசு எப்படி இரண்டு நாட்டுக் காசாக இருக்கும்? அப்படி நீங்கள் கேட்டுவிட்டால், அன்றைய உங்கள் வேலைகளை மறந்துவிட வேண்டியதுதான்.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் பல தேசத்துப் பெரிய மனிதர்கள் பாரிஸ் நகரத்தில் கூடினார்களாம். ஒரு நாட்டின் காசு இன்னொரு நாட்டில் செல்லாமல் வியாபாரிகள் படாத பாடு படுகிறார்களே, எல்லா நாட்டுக்கும் பொதுவாக ஒரு பவுண் அடித்தால் என்ன என்று பேசினார்களாம். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த உற்சாகத்தில் ஒன்றிரண்டு நாடுகள், காசு இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவதற்காக மாதிரிக்குக் கொஞ்சம் அடித்தும் பார்த்தன. பிறகு ஆளாளுக்கு ஊர் திரும்பியதும் ஒவ்வொருவருக்கும் தன்னுடைய காசே உசத்தியாகத் தெரிந்தது. பொதுக் காசு வரவே இல்லை. மாதிரிக் காசு மட்டும் மிஞ்சியது. இது உண்மையில் நடந்த சங்கதிதான் என்று பிறகு நானும் விசாரித்து அறிந்தேன். அதில் நம்பமுடியாதது எதுவும் இல்லை. சிறுபோகத்துக்கு எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது என்று எங்கள் கமக்காரர் அமைப்பு கூடிப் பேசுவதை ஒரு தரம் பார்த்திருந்தால், அந்தப் பாரிஸ் கூட்டம் எப்படி நடந்திருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த மாதிரிக் காசுகளில் ஒன்று எப்படி வன்னிக்கு வந்தது? இதற்கு யோகலிங்கத்திடம் ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் இருந்தன. ஆரம்பத்தில் அது கிணறு வெட்டும்போது கிடைத்தது. மண்ணுக்குள்ளிருந்து எடுப்பதெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்று யாரோ ஒருவர் சொல்லிவைக்க, மறுநாளே அது அவருடைய பாட்டனாருக்கு ஒரு கப்பல் கப்டன் பரிசளித்ததாக மாறியது. பாட்டனாருக்குச் சொந்தமென்றால் பாட்டனாரின் மற்றப் பேரப்பிள்ளைகளுக்கும் பங்கு வருமே என்று ஒரு சகோதரி கனடாவிலிருந்து போன் எடுத்ததும், அந்தக் கப்டன் காணாமல் போனார். காசு ஏலத்தில் வாங்கிய பழைய அலுமாரி ஒன்றின் லாச்சிக்குள் வந்து சேர்ந்தது. கடைசி வரை அங்கேதான் இருந்தது. அலுமாரியை நான் பார்த்ததில்லை.

போரில் இடம்பெயர்ந்த நாட்களில் விமலேஸ்வரியின் தையல் மெசின் வாய்க்கால் கரையில் நின்றுவிட்டது. டப்பா மட்டும் யோகலிங்கத்தின் மடியில் பத்திரமாகச் செட்டிகுளம் முகாம் வரை போய்த் திரும்பி வந்தது. முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கும்போதும் அவர் பாரிஸ் மாநாட்டைப் பற்றி விளங்கப்படுத்தினாராம். வரிசை நீளமானது. கேட்பதற்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

காசைக் காட்டுவதற்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் படலை சாத்தப்படும். பிறகு அவர் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்ப்பார், அங்கே மாட்டைத் தவிர ஒருவரும் இருக்க மாட்டார்கள், ஆனாலும் பார்ப்பார். கைகளைக் கழுவித் துடைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்து, பட்டுத் துண்டை நான்கு பக்கமும் விரித்து, "உங்களுக்கெண்டபடியாத்தான் காட்டுறன்" என்பார். எங்கள் பகுதியில் இந்த வாசகத்தைக் கேட்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டுமே. நீங்கள் குனிந்தால் பின்னால் தள்ளுவார், மூச்சுப் படக்கூடாது. விரலை நீட்டினால் தொலைந்தீர்கள். விலை என்ன வரும் என்று கேட்டால், கேட்டதே குற்றம் என்பதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார். வெளிநாட்டிலிருந்து ஓர் ஆள் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், அதைப் பற்றி இப்போது கதைக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டு, அதைப் பற்றி மட்டுமே பொழுதுபடும் வரை கதைப்பார்.

உண்மையில் கேட்டுக்கொண்டிருந்த ஆள் வவுனியாவில் இருந்தார். நிரஞ்சன் என்று பெயர். வங்கியில் வேலை, பழைய நாணயம் சேர்ப்பதில் பைத்தியம். காசின் படத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று பலமுறை கேட்டார். யோகலிங்கமும் அனுப்பினார். ஒவ்வொரு படத்திலும் காசின் பாதியைத் தன்னுடைய பெருவிரலால் மறைத்துத்தான் எடுத்திருந்தார். முழுப் படத்தையும் அனுப்பினால் அதைப் பார்த்து வேறு ஒன்று அடித்துவிடுவார்களாம். இதனால் நிரஞ்சனிடம் யோகலிங்கத்தின் பெருவிரலைப் பற்றிய முழு விபரமும் சேர்ந்ததே தவிர, காசைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் பொக்கிசக்காரரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு அது சிரிப்பு இல்லை. திரும்பி வந்து கல்வீடு கட்டியபோது முன் யன்னலுக்குக் கதவு போடவில்லை. காசு நல்ல விலைக்குப் போனால் தேக்கிலேயே போடலாமே, இப்போது எதற்கு வேம்பு என்றார் யோகலிங்கம். அன்று கட்டிய உரப்பை அந்த யன்னலில் இன்றும் படபடக்கிறது. குசினியில் புகை போக வழியில்லை. காசு போகட்டும், குசினியையே இடித்துக் கட்டலாம். விமலேஸ்வரிக்குத் தையல் மெசின் ஒன்று வேண்டும், காசு போகட்டும். எதைக் கேட்டாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "காசு போகட்டும், பிறகு பாப்பம்." காசு எங்கே போகும்? அவர் விட்டால்தானே போவதற்கு.

அப்புறம் கோகுலன் வந்து தனக்கு ஒரு பெண் பிடித்திருக்கிறது என்றான்.

வவுனியாவில் வேலை பார்த்த இடத்தில் பழக்கம். சுகந்தினி என்று பெயர், செட்டிகுளத்துப் பிள்ளை, கெட்டிக்காரி. தகப்பன் வீரையாவுக்கு அங்கே ஆறு ஏக்கர் வயல். அவருடைய பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, காடு வெட்டி, அந்த மண்ணில் ஊன்றியவர்கள். யோகலிங்கம் முகத்தைச் சுளிக்கவில்லை. எங்களுடைய ஆட்கள் இல்லையே என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. நாங்கள் இப்போதெல்லாம் அப்படி வாய்விட்டுச் சொல்வதில்லை, நாகரிகம் முன்னேறிவிட்டது. நல்ல பிள்ளைதான், நல்ல இடம்தான் என்றார். சொல்லிவிட்டு, காசு போகட்டும், பிறகு பாப்பம் என்றார்.

அடுத்த போகமும் வெட்டினார்கள். அதற்கடுத்த போகமும் வெட்டினார்கள். செட்டிகுளத்தில் அந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தைச் சொல்லத்தான் வேண்டும். முகாமில் எல்லோரும் ஒரே தறப்பாள் கூரைக்குக் கீழே படுத்து, ஒரே வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்று வந்த பிறகும் இவர்களுக்கு ஒரு தராசு மட்டும் உடையாமல் மிஞ்சியிருக்கிறதே என்று வயிறு எரிந்தது. கடைசியில் கோகுலன், மரியாதை குறையாமல், தான் பதிவு செய்துகொண்டு வவுனியாவிலேயே குடியிருக்கப் போவதாகத் தாயிடம் சொன்னான். விமலேஸ்வரி மறுவார்த்தை பேசாமல் ஐயரிடம் போய் நாள் குறித்துக்கொண்டு வந்தார். நாளைக் கொண்டுவந்து கணவரின் முன்னால் வைத்தார். இந்த முறை பிறகு பார்ப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

யோகலிங்கம் இறங்கி வந்தார். ஆனால் பொக்கிசக்காரர் சும்மா இறங்கி வருவாரா? பொன்னுருக்கலின்போது தன்னுடைய காசைச் சபையில் வைப்பேன் என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கலியாணங்களில், தாலிக்குரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரம் பார்த்து, இரண்டு பக்கத்து ஆட்களும் கூடியிருக்க உருக்குவார்கள். உருக்குமுன் பவுண் காசை வெற்றிலை பாக்கு மஞ்சளோடு தட்டில் வைத்துச் சபை முழுவதும் கொண்டுபோவார்கள். எல்லோரும் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். சபை தொட்ட பொன்தான் நெருப்புக்குப் போக வேண்டும். நெருப்புக்குப் போனதுதான் பெண்ணின் கழுத்துக்குப் போக வேண்டும். இதில் ஒரு பிசகு நடந்தால், அந்தத் தம்பதிக்கு எதிர்காலத்தில் தடிமன் காய்ச்சல் வந்தால்கூட ஊர் அதைப் பொன்னுருக்கலோடு முடிச்சுப் போடும்.

இவர்கள் வீட்டில் பவுண் காசு வாங்கவில்லை. பவுண் விற்கிற விலைக்கு யோகலிங்கத்தின் கை மோதிரத்தை உருக்குவது என்று விமலேஸ்வரி முடிவு செய்திருந்தார். இவர்களுடைய கலியாணத்தன்று விமலேஸ்வரியின் தகப்பன் மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் அது. முதல் நாளே கழற்றி வையுங்கள் என்று சொன்னார். யோகலிங்கம் இழுத்துப் பார்த்தார், விரல் பருத்துவிட்டது, மோதிரம் வரவில்லை. என்ன அவசரம், அப்போது பார்க்கலாம் என்றார். மோதிரம் கழன்று வரும் வரைக்கும் தட்டு வெறுமையாக இருக்கக்கூடாதல்லவா? தட்டில் காசு ஏறியது.

அந்தக் காலைப்பொழுதில் யோகலிங்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். பட்டு வேட்டி, சால்வை, நெற்றியில் முழு நீறு. பந்தலுக்குள் குத்துவிளக்கும் நிறைகுடமும். ஒரு பக்கத்தில் பொன்வேலை ஆசாரியார் சிரட்டைக் கரியை மூட்டி ஊதிக்கொண்டிருந்தார். செட்டிகுளத்திலிருந்து வாடகை வான் ஒன்றில் வந்திறங்கிய வீரையாவும் மனைவி சுப்பம்மாவும் சொந்தக்காரர்களும் ஒரு பக்கத்தில் அடக்கமாக அமர்ந்திருந்தார்கள். தட்டுப் புறப்பட்டது. வழக்கமாகத் தட்டுக்குப் பின்னால் மேளக்காரர் வருவார். இந்தத் தட்டுக்குப் பின்னால் யோகலிங்கம் வந்தார். ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால் நின்று பாரிஸ் மாநாட்டைச் சுருக்கமாகச் சொன்னார். தொடவே விடாதவர், அன்று எல்லோரையும் தொட விட்டார். வீடியோக்காரன் கிருசாந்தன் கமெராவைக் கிட்டக் கொண்டுபோய், காசின் இரண்டு பக்கத்தையும் பிரட்டிப் பிரட்டி எடுத்தான். பெருவிரல் எங்கும் குறுக்கே வரவில்லை.

சுப்பம்மா தட்டுக்கு முன்னால் எழுந்து நின்றார். இரண்டு கையாலும் காசைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இவ்வளவு அருமையான பவுணையா தன்னுடைய மகளுக்கு உருக்கப் போகிறார்கள் என்ற மலைப்பு அந்த முகத்தில் தெரிந்தது. மகளை இரண்டு போகம் காக்க வைத்ததை அவர் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டார் என்று எனக்குப் பட்டது.

தட்டு சுற்றி முடிந்து ஆசாரியாரிடம் வந்தது. அவர் காசை எடுத்து மண்கிண்ணத்துக்குள் போடப் போனார். யோகலிங்கம் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"அது காட்டத்தான், ஆசாரியார். உருக்கிறதுக்கு என்ர மோதிரம் இருக்கு."

மேளம் நின்றது. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். இத்தனை பேர் தொட்டு ஆசீர்வதித்த பொன்னைத் திருப்பி எடுப்பதா என்று பின்னால் யாரோ கேட்பது காதில் விழுந்தது. யோகலிங்கம் காசைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். கோகுலன் தகப்பனைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். சுப்பம்மா எழுந்தார். சத்தம் போடவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"ஏங்க சம்பந்தி, எங்க புள்ளைக்கு அது கூடிப்போச்சுங்களா?"

வீரையா மனைவியை இருத்துவதற்காகக் கையை நீட்டினார், பாதியில் நிறுத்திக்கொண்டார். இரண்டு போகமாக யோகலிங்கம் எதைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாரோ, அதை அந்த அம்மா ஒரு கேள்வியில் எடுத்து வெளியே வைத்துவிட்டார். ஓம் என்றால் கலியாணம் அந்தப் பந்தலோடு முடிந்தது. இல்லை என்றால் காசு முடிந்தது. யோகலிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை. சால்வையை விலக்கிக் காசை ஒரு தரம் பார்த்தார். பதுங்கு குழிக்குள்ளும் முகாமுக்குள்ளும் கைவிடாத சாமான். வீட்டு யன்னலையும் மனைவியின் மெசினையும் தின்று வளர்ந்த சாமான்.

"உருக்குங்கோ, ஆசாரியார்" என்றார்.

நான் அவரை நிறையக் கேலி செய்திருக்கிறேன். இன்னும் செய்வேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது, கண்ணும் கலங்கியது. கரிப்புகை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

மேளம் மறுபடி எழும்பியது. ஆசாரியார் ஊதினார். காசு சிவந்தது. வெள்ளைக்காரியின் முகத்தில் இருந்த மஞ்சள் மினுக்கம் போனது. தணலின் ஓரத்தில் ஒரு பச்சை தெரிந்தது. ஆசாரியார் இன்னும் ஊதினார். காசின் ஓரம் இளகிச் சரிந்தது. பிறகு அது கறுக்கத் தொடங்கியது. அவர் குறட்டால் தூக்கிப் பார்த்தார். சட்டியில் அடிப்பிடித்த எதையோ பார்ப்பதுபோல முகம் கோணிற்று. பொன் அல்ல, செம்பு. மேலே மட்டும் பொன்முலாம் என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் பந்தல் முழுவதற்கும் கேட்டது.

இப்போது நிலைமை முன்னதை விட மோசம். காசைக் கொடுக்க மறுத்திருந்தால் கஞ்சத்தனம் என்றிருப்பார்கள். செட்டிகுளத்தாருக்கு இது போதும் என்று செம்பைத் தட்டில் வைத்து ஏமாற்றியதாக அல்லவா ஆகிவிட்டது! பெண் வீட்டுப் பக்கத்தில் ஓர் இளைஞன் எழுந்து வானைத் திருப்பச் சொன்னான். அந்தக் காசு செம்பென்பது அங்கிருந்த எல்லோரையும் விட யோகலிங்கத்துக்குத்தான் புதிய செய்தி. அதை அவர் முகத்தைப் பார்த்த எவரும் நம்பியிருப்பார்கள். பார்ப்பதற்குத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை.

விமலேஸ்வரி குசினிக்குள்ளிருந்து வந்தார். ஒரு கையில் சவர்க்காரம், மறு கையில் ஒரு செம்பு தண்ணீர். சபை நடுவே கணவருக்கு முன்னால் போய் நின்றார்.

"கையை நீட்டுங்கோ. உது என்ர அப்பு போட்ட மோதிரம். உது பொன் எண்டு எனக்குத் தெரியும்."

நீட்டினார். விமலேஸ்வரி சவர்க்காரத்தைத் தேய்த்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார், யோகலிங்கம்தான் ஓர் அடி முன்னால் வந்தார், மோதிரம் நின்ற இடத்திலேயே நின்றது. நேரம் போய்க்கொண்டிருந்தது, ஐயர் மந்திரத்தை நீட்டி நீட்டிச் சொல்லத் தொடங்கினார். அப்போது சுப்பம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, சம்பந்தியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். ஒரு சம்பந்தி பிடிக்க, ஒரு மனைவி இழுக்க, பட்டு வேட்டியெல்லாம் சவர்க்கார நுரை வழிய, யோகலிங்கம் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வானைத் திருப்பச் சொன்ன இளைஞனே முதலில் சிரித்தான். பிறகு பந்தலே சிரித்தது. வீரையா அதுவரை ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. "தணல் ஆறுறதுக்குள்ள கழட்டுங்க" என்றார். அதற்கப்புறமும் அன்று அவர் வேறு எதுவும் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

மோதிரம் வந்தது. கழுவித் துடைத்துத் தட்டில் வைத்தார்கள். தட்டு மறுபடி சபையைச் சுற்றியது, இந்த முறை பாரிஸ் மாநாடு இல்லாமல், விறுவிறுவென்று. ஆசாரியார் ஊதினார். மோதிரம் இளகி ஒரு துளியாகத் திரண்டது. சுப்பம்மா அதைப் பார்த்து, கும்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். அந்தத் துளிதான் இன்று சுகந்தினியின் கழுத்தில் இருக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் யோகலிங்கம் திருந்திவிட்டார் என்று எழுதி நானும் நிம்மதியாகப் படுத்திருப்பேன். கலியாணம் முடிந்து கிருசாந்தன் வீடியோவை முகநூலில் போட்டான். காசை இரண்டு பக்கமும் பிரட்டி எடுத்த துண்டு தொடக்கத்திலேயே வந்தது, பின்னணியில் சினிமாப் பாட்டோடு. அன்று பின்னேரம் யோகலிங்கத்தின் போன் அடித்தது. நானும் அந்த முற்றத்தில் இருந்தேன். வவுனியா நிரஞ்சன். மூச்சு வாங்க, அந்தக் காசு பொன்னா செம்பா என்று கேட்டார். செம்பு என்று யோகலிங்கம் சுரத்தில்லாமல் சொன்னார்.

"செம்பெண்டா ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ, அண்ணை. அந்த மாதிரிக் காசைச் செம்பிலதான் அடிச்சவங்கள். பொன்னாயிருந்தாத்தான் நான் சந்தேகப்பட்டிருப்பன். முலாம் பிறகு ஆரோ பூசியிருப்பினம். கையில பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம். நாளைக்கு வாறன். இப்ப அது எங்க இருக்கு?"

அது எங்கே இருந்தது என்பதை யோகலிங்கம் என்னைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். அது குசினியில் இருந்தது. தேங்காய்ப்பூ மூடிவைத்த தட்டு காற்றுக்குப் பறக்காமலிருக்க விமலேஸ்வரி அந்தக் கறுத்த கட்டியைத் தூக்கி மேலே வைத்திருந்தார். போனை வைத்துவிட்டு யோகலிங்கம் உரப்பை யன்னல் பக்கம் திரும்பினார். எனக்குப் பயமாக இருந்தது. மனுஷன் அழப்போகிறாரோ, நெஞ்சைப் பிடித்துக்கொள்வாரோ என்று. எழுந்தார். குசினிக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் அந்தக் கட்டி இருந்தது; தண்ணீரில் கழுவி, சால்வையால் துடைத்து, பழைய பட்டுத் துண்டை விரித்து அதன் நடுவே வைத்தார்.

உலகத்தில் மாதிரிக் காசு எத்தனையோ இருக்கலாம், உருக்கின மாதிரிக் காசு வேறு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். வெளிநாட்டில் இதற்கென்றே ஆள் இருக்கும் என்றார். நான் குனிந்தேன். பின்னால் தள்ளினார்.

ஆக, எங்கள் ஒழுங்கையில் பொக்கிசம் பத்திரமாக இருக்கிறது. நிரஞ்சன் வந்து பார்த்து, முகமே இல்லாத காசைப் பற்றி இனி யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது என்று தலையில் கை வைத்துக்கொண்டு போனார். இதைவிட நல்ல செய்தி ஒரு பொக்கிசக்காரருக்கு வேறு என்ன இருக்க முடியும்? ஒரே ஒரு மாற்றம். கட்டியைத் தொட ஒருவருக்கு மட்டும் அனுமதி உண்டு. சுகந்தினி வீட்டுக்கு வந்தால் அவரே டப்பாவைத் திறந்து மருமகளின் உள்ளங்கையில் வைக்கிறார். சம்பந்தி கேட்டவா, நான் குடுத்தனான் என்று அந்தப் பிள்ளைக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அதுவும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்கிறது. போன முறை வந்தபோது அந்தப் பிள்ளையே உரப்பை யன்னலுக்குக் கதவு போட அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறதாம், வேம்பில்தான்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்களிடம் செம்புக் காசும் இல்லை, ஒற்றைக்கண் தேங்காயும் இல்லை, நல்லது. உங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் பூப்போட்ட கோப்பைகள் ஒரு வரிசை இருக்கிறதல்லவா, விருந்தாளிகள் வந்தால் எடுப்பதற்கென்று? போன கிழமை ஒருவர் வந்தார். வாசலிலேயே அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தீர்கள். பிறகு குசினிக்குள் போய், அன்றாடம் பாவிக்கிற கோப்பையிலேயே தேநீரை ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அவரும் நன்றி சொல்லிக் குடித்துவிட்டுப் போனார். குடிக்கும்போது அவருடைய கண் கண்ணாடி அலுமாரிப் பக்கம் போய் வந்ததை நீங்கள் கவனிக்கவில்லை. அவர் கேட்கவில்லை. சுப்பம்மா கேட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.